படைப்பு, பரிணாமம், ஜெபம், மருந்து: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 26 வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை செய்கிறேன். ஞாயிறன்று நம் தமிழ்ச் சபையில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். ஆராதனை முடிந்து, பீஹூனும் தேநீரும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் இந்தக் கேள்விகள் வரும். பிள்ளைகள் சத்தமாகக் கேட்பார்கள். பெற்றோர் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒரே பதிலை ஐந்தாறு பேருக்குத் தனித்தனியே வாட்ஸப்பில் அனுப்பிய பிறகு, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

"அக்கா, மகள் ஜேசியில பயாலஜி எடுக்கப் போறா. சயின்ஸ் படிச்சா விசுவாசம் போயிடுமா?" (ஜேசி: ஜூனியர் காலேஜ், பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு)

போகாது. பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டிய கிரெகோர் மெண்டல் ஒரு துறவி. மடத்துத் தோட்டத்தில் வருடக்கணக்கில் பட்டாணிச் செடி வளர்த்து, எண்ணி எண்ணி எழுதியதை 1866இல் வெளியிட்டார். மனித மரபணுத் தொகுப்பை வாசிக்கும் திட்டம் 2003இல் நிறைவேறியபோது அமெரிக்காவில் அதற்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ், நாத்திகராக இருந்து, மருத்துவப் பயிற்சிக் காலத்தில் நோயாளிகளின் விசுவாசத்தைப் பார்த்து யோசிக்கத் தொடங்கி, கிறிஸ்தவரானவர்.

படித்துவிட்டு விசுவாசத்தை விட்டவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரையில் அவர்களை வெளியே அனுப்பியது பயாலஜி புத்தகம் இல்லை. "இதை ஒத்துக்கொண்டால் நீ கிறிஸ்தவனே இல்லை" என்று பெரியவர்கள் போட்ட நிபந்தனைதான் அனுப்பியது. பிள்ளை ஒருநாள் அந்தப் பாடம் உண்மை என்று கண்டுகொள்கிறான். நாம் போட்ட நிபந்தனைப்படியே எழுந்து போய்விடுகிறான்.

"ஆன்ட்டி, பைபிள்ல டைனோசர் ஏன் இல்ல?"

இதைக் கேட்டவனுக்கு எட்டு வயது. பைபிளில் பென்குவினும் இல்லை, கங்காருவும் இல்லை, டுரியானும் இல்லை. தேவன் உண்டாக்கிய எல்லாவற்றுக்கும் பட்டியல் போட அது எழுதப்படவில்லை. யோபு 40இல் வரும் பிகெமோத் டைனோசர்தான் என்று சிலர் சொல்வார்கள். நீர்யானையாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அந்த வசனத்தை இழுத்து டைனோசரை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளையைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக (என்யுஎஸ்) வளாகத்தில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கூட்டிப் போங்கள். பிரின்ஸ், அப்பல்லோனியா, டுவிங்கி என்று மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. சுமார் 15 கோடி ஆண்டுகள் பழையவை. பெரியதன் நீளம் 27 மீட்டர். அதன் கழுத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு வந்தது சந்தேகம் இல்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று யோபுவிடம் கேட்ட அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

"ஆறு நாள்னு தெளிவா எழுதியிருக்கே. அதை நம்புறதா வேண்டாமா?"

நம்புங்கள். எதைச் சொல்ல அது எழுதப்பட்டது என்று பார்த்து நம்புங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் முதல் மூன்று நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமும் வந்துவிடுகின்றன, ஆனால் சூரியன் உண்டாவது நான்காம் நாளில். எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? அடுத்த அதிகாரத்திலேயே "பூமியையும் வானத்தையும் உண்டாக்கின நாளிலே" என்று மொத்தத்தையும் ஒரே நாளாகச் சொல்லிவிடுகிறார். நாமும் "அந்த நாளில் தேக்கா எப்படி இருந்தது தெரியுமா" என்று சொல்வதில்லையா?

அதிகாரத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதல் மூன்று நாளில் இடம் தயாராகிறது: ஒளியும் இருளும், வானமும் தண்ணீரும், தரை. அடுத்த மூன்று நாளில் அதே வரிசையில் அவை நிரம்புகின்றன: சுடர்கள், பறவையும் மீனும், மிருகமும் மனிதனும். எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குச் சொல்பவர் இப்படி எழுதமாட்டார். சுற்றியிருந்த தேசங்கள் சூரியனையும் சந்திரனையும் தெய்வமாகக் கும்பிட்ட காலம் அது. இந்த அதிகாரம் அவற்றின் பெயரைக்கூடச் சொல்லாமல் "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. இவை தெய்வங்கள் அல்ல, விளக்குகள் என்று அன்றைய உலகத்தில் சொன்னது எவ்வளவு பெரிய துணிச்சல்! ஆறை 24ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

இது டார்வினுக்குப் பயந்து இப்போது கண்டுபிடித்த சமாளிப்பு இல்லை. சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஆதித் திருச்சபையின் பேரறிஞர் அகஸ்தீன் இந்த நாட்களைச் சாதாரண நாட்களாக எடுக்க முடியாது என்று எழுதினார். வானத்தையும் பூமியையும் பற்றி ஒரு கிறிஸ்தவன் தப்புத் தப்பாகப் பேசுவதை விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை மட்டும் எப்படி நம்புவார் என்றும் கேட்டார்.

"பூமிக்கு 6000 வயசுதான்னு குரூப்ல வந்துச்சு. உண்மையா?"

இல்லை. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். 6000 என்ற எண் பைபிளில் எந்த வசனத்திலும் கிடையாது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கிமு 4004இல் படைக்கப்பட்டது என்று 1650இல் வெளியிட்டார். பிறகு அச்சான ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அந்த ஆண்டையும் சேர்த்து அடித்தார்கள். ஓரத்தில் இருந்தது காலப்போக்கில் வசனம் மாதிரி ஆகிவிட்டது.

454 கோடி எப்படித் தெரியும்? யுரேனியம் மெதுவாக ஈயமாக மாறும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். விண்கற்களில் இருக்கும் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956இல் கிட்டத்தட்ட இன்றைய கணக்கையே சொன்னார். நம் ஊரிலேயே புக்கிட் தீமா மலையின் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அந்த மலைப்பாதையில் நடக்கும்போது பாறையில் கை வைத்துப் பாருங்கள். "பர்வதங்கள் தோன்றுமுன்னும்" என்று 90ஆம் சங்கீதத்தை அதற்குப் பிறகு என்னால் முன்பு போல வாசிக்க முடியவில்லை. 6000 வருடப் பூமிக்கு அந்த வசனத்தின் ஆழம் போதாது.

"கார்பன் டேட்டிங் நம்பக்கூடாதுன்னு ஒரு பிரசங்கத்துல சொன்னாரே?"

கார்பன் முறையால் டைனோசரின் வயதை யாரும் அளப்பதில்லை. கார்பன் 14 பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்க மிச்சம் இருக்காது. பாறைகளுக்கு மேலே சொன்ன யுரேனியம் போன்ற வேறு கடிகாரங்கள் உண்டு.

இன்னொன்று. 1947இல் சவக்கடல் ஓரத்துக் குகைகளில் வேதாகமச் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. அவை இயேசுவின் காலத்தையும் அதற்கு முந்திய காலத்தையும் சேர்ந்தவை என்பதற்கு இதே கார்பன் முறை ஒரு முக்கியமான சான்று. அந்தச் செய்தியைப் பிரசங்கத்தில் சொல்லி "அல்லேலூயா" என்கிறோம். அடுத்த வாரம் அதே முறையைப் பொய் என்று சொல்வது நேர்மையாகாது.

"பரிணாமம் வெறும் தியரிதானே ஆன்ட்டி?"

பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். விஞ்ஞானத்தில் நிறையச் சான்றுகளை ஒன்றாகக் கட்டிப்போடும் விளக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். கிருமியால் நோய் வருகிறது என்பதும் அப்படி ஒரு தியரிதான். அதை நம்பித்தான் டாக்டர் கை கழுவுகிறார்.

நான் என் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்த கிருமியை ஏகார் தட்டு (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) முழுக்கத் தடவி, மேலே ஆன்டிபயாடிக் ஊறிய சின்ன வட்டத் தாள்களை வைப்போம். ஓர் இரவு 35 டிகிரியில் வைத்து, காலையில் எடுத்தால் மருந்து வேலை செய்த இடத்தில் தாளைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்கும். அதை மில்லிமீட்டரில் அளப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அகலமாக இருந்த சில வளையங்கள் இப்போது சுருங்கிவிட்டன. சில தட்டுகளில் கிருமி தாளின் விளிம்பு வரை மங்கலாகப் படர்ந்து நிற்கும். மருந்து கொல்லாமல் விட்டவை பெருகுகின்றன, அவற்றின் குணமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல் நோபெல் பரிசு வாங்கியபோதே இப்படி நடக்கும் என்று எச்சரித்தார். என் மேசையில் தினமும் நடப்பதை "வெறும் தியரி" என்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்ல என்னால் முடியாது.

"ஆனா பாக்டீரியா பாக்டீரியாவாவே தானே இருக்கு? வேற மிருகமா மாறலையே?"

நல்ல கேள்வி. தட்டில் தெரிவது சின்ன மாற்றம்தான், ஓர் இரவில் அவ்வளவுதான் தெரியும். பெரிய மாற்றத்துக்குச் சான்று வேறு இடங்களில் இருக்கிறது: புதைபடிவங்களில், உயிர்கள் எந்தத் தீவில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதில், எல்லாவற்றையும்விட டிஎன்ஏவில்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில், ஒரு பிரெஞ்சு மிஷனரியின் இருப்பிடத்தில் தங்கி, பக்கத்துக் காட்டில் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். புலி நடமாடிய காடு அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1858இல், அவருடைய கட்டுரையும் டார்வினுடையதும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அந்த மிஷனரி தம் சீனச் சபையாருக்குத் தகப்பன் போல் இருந்தார் என்று வாலஸ் மனதார எழுதியிருக்கிறார். பரிணாமத்தைப் பிற்பாடு கண்டுசொன்ன ஒருவருக்கு ஒரு தேவ ஊழியர் தங்க இடம் கொடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

"அப்போ நீங்க குரங்கிலேர்ந்து வந்தீங்களா அக்கா?"

இப்போது இருக்கும் எந்தக் குரங்கும் நம் பாட்டன் இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பொதுவான மூதாதை இருந்தது என்பதுதான் செய்தி. நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சிக்கு 48. நம்முடைய இரண்டாவது குரோமோசோமைப் பார்த்தால், ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ எழுத்துத் தொடர் நடுவிலும் இருக்கிறது. இரண்டு ஒட்டி ஒன்றானதன் தையல் அது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு பெரும்பாலான பாலூட்டிகளில் வேலை செய்கிறது. நம்மிடமும் குரங்குகளிடமும் அது கெட்டுப்போய்க் கிடக்கிறது. ஆரஞ்சு சாப்பிட வேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

இதில் கேவலம் என்ன இருக்கிறது? "தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி" என்று வாசித்துவிட்டு, மண்ணுக்குச் சம்மதிக்கிறவர்கள் உயிருள்ள ஒரு ஜீவனுக்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? மனிதனின் மதிப்பு அவன் எதிலிருந்து வந்தான் என்பதில் இல்லை. யார் அவனைத் தம் சாயலாக அழைத்தார் என்பதில் இருக்கிறது.

"பரீட்சையில என்ன எழுதுறது? ஸ்கூல்ல ஒண்ணு, சபையில ஒண்ணா இருக்கு."

பாடத்தில் இருப்பதை எழுதுங்கள். ஜேசியில் படிக்கும் எச்2 பயாலஜியில் பரிணாமம் ஒரு முக்கியப் பகுதி. மதிப்பெண்ணுக்காக நம்பாததை எழுதுகிறோம் என்ற குற்ற உணர்ச்சியோடு பிள்ளைகள் எழுத வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்று பதில்களையும் வாசித்துவிட்டு முழு மனதோடு எழுதலாம்.

"பிக் பேங்ல எல்லாம் தானா வந்துச்சுன்னா கடவுள் எதுக்கு?"

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டு எழுதியவர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். ஆதியில் எல்லாம் ஒரே அணுவைப் போல் நெருங்கியிருந்தது என்று 1931இல் சொன்னவரும் அவரே. பலர் அப்போது அதை ஏற்கவில்லை. ஒரு பாதிரியார் ஆதியாகமத்தை விஞ்ஞானத்துக்குள் கடத்திக்கொண்டு வருகிறாரோ என்ற சந்தேகமும் இருந்தது. அந்த ஆதி வெப்பத்தின் எச்சமான கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி, 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் அவரை எட்டியது.

இதைவிட முக்கியமானது 1951இல் நடந்தது. பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர், இந்தக் கண்டுபிடிப்பு படைப்பை உறுதிப்படுத்துகிறது என்ற தொனியில் பேசினார். லெமேத்ருக்கு மகிழ்ச்சி வரவில்லை, கவலை வந்தது. விஞ்ஞானக் கணக்கை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கணக்கு நாளை திருத்தப்படலாம், தேவனை அதன்மேல் நிறுத்திவைத்தால் அவரையும் சேர்த்துத் திருத்த வேண்டிவரும். "விஞ்ஞானத்துக்கு இது தெரியவில்லை, ஆகவே இங்கே தேவன்" என்று சொல்வதிலும் இதே ஆபத்து. தெரியாத இடம் வருடாவருடம் சுருங்கும். நான் ஆராதிக்கிறவர் தெரிந்த இடத்துக்கும் தேவன். "தானா" நடப்பதாகத் தோன்றும் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது, ஒன்றுமே இல்லாமல் ஏன் போகவில்லை என்பதுதான் என் கேள்வி.

"எல்லாத்துக்கும் சயின்ஸ் பதில் சொல்லிடுமே, பைபிள் எதுக்கு ஆன்ட்டி?" (தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி)

என் அப்பாவின் பைபிள் என்னிடம் இருக்கிறது. முதல் தாளில் எங்கள் பிறந்த தேதிகளை நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். என் தங்கை பிறந்து நான்கே நாளில் இறந்தாள். அவள் பெயருக்கு நேராக இரண்டு தேதி, பிறகு "கர்த்தர் கொடுத்தார்". வசனத்தின் அடுத்த பாதியை, "கர்த்தர் எடுத்தார்" என்பதை, அவர் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறார்.

அந்தத் தாளை லேப்புக்குக் கொடுத்தால் தாளின் வயது, மையில் என்ன சேர்ந்திருக்கிறது, பேனா எவ்வளவு அழுத்தியது எல்லாம் சொல்வார்கள். ஒன்றும் தப்பாக இருக்காது. அந்த வெற்றிடம் என்ன சொல்கிறது என்று தெரிய அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும், யோபு முதல் அதிகாரத்தை வாசித்திருக்க வேண்டும். லேப் அறிக்கை குறைபாடானது என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில். நான் கேட்பது வேறு கேள்வி.

"கலிலியோவை சபைதானே கொன்னுச்சு?"

கொல்லவில்லை. 1633இல் ரோமில் விசாரித்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைக் கைவிடச் சொல்லி, வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1642இல் அதிலேயே இறந்தார். 1600இல் எரிக்கப்பட்டவர் ஜோர்டானோ புருனோ, இருவரையும் சேர்த்துக் குழப்புகிறார்கள். கொல்லவில்லை என்பதால் செய்தது சரியாகிவிடாது. தேவாலயம் தவறிழைத்தது. 1992இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அன்று அவருக்கு எதிராகக் காட்டியவற்றில் யோசுவா 10இல் சூரியன் நின்ற வசனமும் உண்டு. சிங்கப்பூரில் காலை ஏழு மணிவாக்கில் சூரியன் உதிக்கிறது என்று நாமும் சொல்கிறோம். யாரும் நம்மைப் பொய்யர் என்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தபடி பேசுவது மனித வழக்கம், வேதமும் அப்படிப் பேசுகிறது. கலிலியோ கடைசி வரை விசுவாசி. அவர் கேட்டுக்கொண்டது வேதத்தைச் சரியாக வாசிக்க வேண்டும் என்பதைத்தான்.

"விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு? ஜெபம் போதாதா?"

இதற்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். என் அத்தைக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தலையில் கை வைத்து, "சுகமாகிவிட்டது, மாத்திரையைத் தொட்டால் அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை நல்ல பெண்மணி, சொன்னதைச் செய்தார். மூன்று வாரம் கழித்து நான் போனபோது பாயில் சுருண்டு படுத்திருந்தார், நாக்கு வறண்டிருந்தது, காலில் ஒரு சின்னப் புண். என் பையில் இருந்த சர்க்கரை மானியில் விரலைக் குத்திப் பார்த்தேன். 24.6 காட்டியது, மிக மிக அதிகம். "பாரம்மா, கர்த்தர் கைவிட்டுட்டாரா?" என்று கேட்டார். அந்தப் புண் ஆறவில்லை. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டிவந்தது.

வேதத்தில் எங்கே இப்படி இருக்கிறது? எசேக்கியா ராஜா ஜெபித்தார், கர்த்தர் கேட்டார். அதோடு, பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார் பவுல். அவரோடு இருந்த லூக்கா "பிரியமான வைத்தியன்". பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சொன்னார். 1922க்கு முன்னால், சிறுவயதில் சர்க்கரை வந்த பிள்ளைகளை மெலிந்து சாவதைத் தவிர வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டொரோண்டோவில் 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள், அவன் பிழைத்தான். அத்தனை தாய்மார்களின் ஜெபத்துக்கும் அதுவே பதில் என்று நான் நம்புகிறேன். ஜெபம் பண்ணுங்கள், மாத்திரையையும் போடுங்கள். யாராவது நிறுத்தச் சொன்னால் எனக்கு போன் பண்ணுங்கள்.

"அப்போ அற்புதமே நடக்காதா?"

நடக்கும் என்று நம்புகிறேன். செத்தவர் எழுந்திருப்பதில்லை என்பது விஞ்ஞானம் வந்து சொல்லித் தெரிந்த விஷயம் இல்லை, அன்றைய மீனவனுக்கும் தெரியும். மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்ததும் யோசேப்பு அவளை இரகசியமாய்த் தள்ளிவிட நினைத்தாரே, பிள்ளை எப்படி வரும் என்று அவருக்குத் தெரிந்ததால்தானே? இயற்கை வழக்கமாக எப்படி நடக்கிறது என்பதை விஞ்ஞானம் சொல்கிறது. வழக்கத்தை உண்டாக்கியவர் ஒருமுறை வேறு விதமாகச் செய்யவே முடியாது என்பது ஆய்வின் முடிவு இல்லை.

ஆனால் சாட்சி சொல்லும்போது கவனம் வேண்டும். அறுவை சிகிச்சையில் குணமானதை "டாக்டர் கைவிட்டார், கர்த்தர் தொட்டார்" என்று மாற்றிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில் அதற்கும் இடம் உண்டு.

"செத்தப்புறம் கிட்னியை எடுத்துட்டா, உயிர்த்தெழும்போது முழு உடம்பு இருக்குமா?"

உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் சிங்கப்பூரில் வந்ததிலிருந்து முதியவர்கள் இதைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இறந்தபின் உறுப்பு கொடுக்கச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

பயப்படாதீர்கள். "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று 1 கொரிந்தியர் 15 விதையைக் காட்டிப் பேசுகிறது. கடலில் மாண்டவர்களையும் எரிக்கப்பட்ட இரத்தசாட்சிகளையும் எழுப்புகிறவருக்கு ஒரு சிறுநீரகம் தடையாகாது. நான் என் உறுப்புகளைக் கொடுக்கத்தான் போகிறேன்.

"ஆதாம் ஏவாள் நிஜமா இருந்தாங்களா? இல்லைன்னா பாவம், சிலுவை எல்லாம் என்ன ஆகும்?"

இதுதான் கடினமான இடம். இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், நம் முன்னோர் ஒரு காலத்திலும் இரண்டே பேராகக் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். வேதத்திலேயே காயீன், "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவானே" என்று பயப்படுகிறான். யாருக்குப் பயந்தான்? அவன் ஒரு பட்டணத்தைக் கட்டினான் என்றும் இருக்கிறது. யாருக்காக?

விசுவாசிகள் இதைப் பல விதமாக எடுக்கிறார்கள். பலருக்கு நடுவில் தேவன் தெரிந்தெடுத்த ஒரு தம்பதி, மனித குலத்தின் தலைவர்களாக நின்றவர்கள் என்பது ஒன்று. எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனிதன்தான், ஆகவே இது நம் ஒவ்வொருவரின் கதை என்பது இன்னொன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல், மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று சொல்லிக்கொண்டே, முதல் பெற்றோர் விஷயத்தில் எச்சரிக்கையாகப் பேசியது. நான் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன், ரோமர் 5 ஒரு மனிதனின் கீழ்ப்படியாமையைப் பற்றி அவ்வளவு அழுத்தமாகப் பேசுவதால். ஆறு நாள் கேள்வியில் சொன்னபடி, எதைச் சொல்ல எழுதப்பட்டது என்று இங்கேயும் கேளுங்கள். சிலுவை எனக்கு ஏன் தேவை என்று தெரிய ஏதேனைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. நேற்று வீட்டில் நான் பேசிய பேச்சே போதும்.

"பாவத்தின் சம்பளம் மரணம்னா, ஆதாமுக்கு முன்னாடி டைனோசர் எப்படிச் செத்துச்சு?"

15 வயதுப் பெண் கேட்டது. ரோமர் 5:12 "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் வந்ததாகச் சொல்கிறது, மிருகங்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. "புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று கேட்ட ஆதாம் அன்று விழுந்து சாகவில்லை, 930 வருடம் இருந்ததாக எழுதியிருக்கிறது. ஆகவே அங்கே சொல்லப்படும் மரணம் மூச்சு நிற்பதைவிடப் பெரியது, தேவனை விட்டுப் பிரிவது. 104ஆம் சங்கீதம் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிப்பதைத் தேவனிடம் ஆகாரம் தேடுவதாகப் பாடுகிறது, சாபமாகப் பாடவில்லை.

இவ்வளவு சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை. "ஆனா அதுங்களுக்கு வலிச்சிருக்குமே" என்றாள். வலித்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் வலி அது, அதைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை. "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்ற ரோமர் 8ஐ அவளோடு வாசித்தேன். பிரசவவேதனை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்தக் கேள்வியின் பாரம் அதனால் முழுதும் இறங்கிவிடவில்லை.

"நீங்க சொல்றதை நம்ம சபையில எல்லாரும் ஒத்துக்குறாங்களா?"

இல்லை. ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று நம்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாவின் கடைசி மாதங்களில் தினமும் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்களில் ஒருவர். அவரோடு ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறேன். நான் கேட்பதெல்லாம், இரண்டு விதமாகவும் விசுவாசிகள் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்பதுதான்.

"என் மகன் சபைக்கு வர்றதை நிறுத்திட்டான் அக்கா. இப்ப என்ன பண்றது?"

பல வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வேதபாட வகுப்பில் டைனோசர் கேள்வியைக் கேட்டான். பன்னிரண்டு வயது. வகுப்பெடுத்தவர், "இது பிசாசு கேட்க வைக்கிற கேள்வி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். நான் பதின்ம வயதினருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்ததற்கு அவன்தான் காரணம்.

போன வருடம் அவன் பாட்டியின் துக்க வீட்டில், புளோக் கீழே வாய்ட் டெக்கில் பார்த்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி படிக்கிறான். கச்சான் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஆன்ட்டி, அன்னிக்கு நான் கேட்டதுக்கு இப்ப யாராவது பதில் சொல்றாங்களா?" என்றான். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கடைசி பஸ் போகும்வரை பேசினோம். அதிகம் பேசியது அவன்தான், பாறைகளைப் பற்றி. சபைக்கு அவன் இன்னும் திரும்பவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு ஏதாவது ஒரு பாறையின் படம் அனுப்புகிறான்.

ஆகவே, மகனிடம் "ஞாயிற்றுக்கிழமை வா" என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். என்ன படிக்கிறான் என்று கேளுங்கள், புரியாவிட்டாலும் முழுதும் கேளுங்கள். அவன் பழைய கேள்வி எதையாவது நீங்கள் அதட்டி மூடியிருந்தால் அது எதுவென்று உங்களுக்கே தெரியும். அதிலிருந்து தொடங்குங்கள்.